விஷின்ஸ்கிக்கு வக்காலத்து வேண்டாம்

சென்ற இதழில், ஸ்டாலின் காலத்துச் சோவியத் அரசுத் தலைமை வழக்கறிஞர் அந்திரேய் விஷின்ஸ்கியைப் பற்றி வெளியான கட்டுரைக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கட்டுரையாளர் சொல்வது இது: விஷின்ஸ்கி பெரிய சட்ட அறிஞர், சோவியத் சட்டவியலுக்கு அடித்தளம் இட்டவர், ஐ.நா. சபையில் ஏகாதிபத்தியத்தை எதிர்த்து முழங்கியவர். 1936 முதல் 1938 வரை நடந்த மாஸ்கோ வழக்குகளில் அவர் நடந்துகொண்ட விதம் காலத்தின் கட்டாயம். அதை வைத்து அவருடைய அறிவையும் ராஜதந்திரத்தையும் எடைபோடக் கூடாது. ஒப்புதல் வாக்குமூலமே சான்றுகளின் அரசி என்று அவர் சொன்னதாகப் பரவியிருப்பது மேற்குலகம் கட்டிவிட்ட பொய். இவ்வளவையும் சொல்லிவிட்டு, சட்டக் கல்லூரி மாணவர்கள் விஷின்ஸ்கியைப் புதிதாகப் படிக்க வேண்டும் என்று அழைப்பும் விடுக்கிறார்.

நீண்ட கட்டுரைதான். ஆனால் விஷின்ஸ்கியின் வாதத்தால் செத்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட அதில் இல்லை. எனவே ஒரு பெயரிலிருந்து தொடங்குகிறேன்.

நிகலாய் கிரெஸ்தின்ஸ்கி. 1883-இல் பிறந்தவர், விஷின்ஸ்கியும் அதே ஆண்டில் பிறந்தவர்தான். இருவரும் சட்டம் படித்தவர்கள், இருவரும் ஜார் ஆட்சியில் சிறை கண்டவர்கள். விஷின்ஸ்கி மென்ஷ்விக்காக இருந்துவிட்டு 1920-இல்தான் போல்ஷ்விக் கட்சிக்கு வந்தார். அதற்குள் கிரெஸ்தின்ஸ்கி நிதித்துறை மக்கள் கமிசாராக இருந்தார், கட்சியின் மத்தியக் குழுச் செயலாளராகவும் இருந்தார். பிறகு 1921 முதல் 1930 வரை பெர்லினில் சோவியத் தூதர். அதன்பின் வெளியுறவுத் துறையில் துணைக் கமிசார். அரசியல்வாதி, ராஜதந்திரி, சட்டம் அறிந்தவர் என்று கட்டுரையாளர் விஷின்ஸ்கிக்குச் சூட்டும் மூன்று பட்டங்களும் கிரெஸ்தின்ஸ்கிக்கும் பொருந்தும்.

1938 மார்ச் 2 அன்று மாஸ்கோ தொழிற்சங்க மாளிகையில் 21 பேர் மீதான வழக்கு தொடங்கியது. புகாரின், ரீக்கோவ், ரக்கோவ்ஸ்கி எல்லோரும் அந்தக் கூண்டில் இருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி உல்ரிஹ் ஒவ்வொருவரிடமும் கேட்டார். கிரெஸ்தின்ஸ்கி மட்டும் இல்லை என்றார். தான் டிராட்ஸ்கியவாதி அல்ல என்றும், சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை என்றும் சொன்னார். விசாரணை அதிகாரிகளிடம் ஒப்புக்கொண்டாயே என்று விஷின்ஸ்கி மடக்கினார். இப்போது சொல்வதை அங்கேயே சொல்லியிருந்தால் அது கட்சித் தலைமையின் காதுக்கும் அரசின் காதுக்கும் போயிருக்காது என்று கிரெஸ்தின்ஸ்கி பதில் சொன்னார். எங்கே, எதற்காகப் பொய் சொல்ல வேண்டியிருந்தது என்பதைப் புரிந்துகொள்ள அதற்கு மேல் எந்த வழக்கறிஞருக்கு என்ன வேண்டும்?

மறுநாள் மாலை கிரெஸ்தின்ஸ்கி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். முந்தின நாள் மறுத்ததற்கு வெட்கமும் உடல்நலக் குறைவும் காரணம் என்றார். இடைப்பட்ட இரவில் அவர் யார் வசம் இருந்தார் என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் விஷின்ஸ்கி கேட்கவில்லை. மருத்துவரை அழைக்கவில்லை. ஒப்புதலை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போனார். மார்ச் 15 அன்று கிரெஸ்தின்ஸ்கி சுடப்பட்டார்.

இதை நான் அமெரிக்கப் பிரச்சார ஏடுகளிலிருந்து எடுக்கவில்லை. மூன்று மாஸ்கோ வழக்குகளின் விசாரணைப் பதிவுகளையும் சோவியத் நீதித்துறைக் கமிசாரியமே ஆங்கிலத்தில் அச்சிட்டு உலகெங்கும் அனுப்பியது. கிரெஸ்தின்ஸ்கியின் மறுப்பு, விஷின்ஸ்கியின் கேள்வி, மறுநாள் நடந்த தலைகீழ் மாற்றம் எல்லாம் அதில் இருக்கின்றன. கட்டுரையாளர் அதைப் புரட்டியிருந்தால் மேற்குலகின் பொய் என்ற சொல்லைப் பயன்படுத்தத் துணிந்திருக்க மாட்டார்.

இனி அந்தச் சான்றுகளின் அரசி. விஷின்ஸ்கி அந்த வாசகத்தைத் தன் கொள்கையாகச் சொல்லவில்லை என்பது உண்மை. 1941-இல் வெளியான அவருடைய ‘சோவியத் சட்டத்தில் நீதிமன்றச் சான்றுக் கோட்பாடு’ என்ற நூலில், குற்றம் சாட்டப்பட்டவரின் ஒப்புதலுக்கு அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கைகூட இருக்கிறது. கட்டுரையாளர் அதோடு நிறுத்திக்கொண்டார். அதே நூல் அரசுக்கு எதிரான சதி வழக்குகளுக்கு வேறு அளவுகோல் வைக்கிறது. சதிகாரர்கள் எழுத்தில் எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஆகவே அப்படிப்பட்ட வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வாக்குமூலமே முதன்மையான, தீர்மானகரமான சான்றாகிவிடுகிறது என்று விஷின்ஸ்கி வாதிடுகிறார். திருட்டு வழக்கில் ஒப்புதலை நம்பாதே, உயிர் போகும் அரசியல் வழக்கில் நம்பு என்பதுதான் இதன் பொருள். தான் ஏற்கெனவே கொன்று முடித்தவர்களுக்காகப் பின்னால் எழுதிய நியாயம் அது. அந்த நூலுக்கு 1947-இல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது.

ஒப்புதலைத் தவிர வேறு சான்று இருந்ததா என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகள்.

1936 ஆகஸ்டில் ஜினோவியெவ், காமனெவ் உள்ளிட்ட 16 பேர் மீது முதல் வழக்கு. அதில் ஹோல்ட்ஸ்மன் என்பவர், 1932-இல் கோபன்ஹேகனுக்குப் போய் பிரிஸ்டல் ஹோட்டலில் டிராட்ஸ்கியின் மகன் செதோவைச் சந்தித்ததாக வாக்குமூலம் தந்தார். 16 பேரும் ஆகஸ்ட் 25-இல் சுடப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து டென்மார்க்கின் சமூக ஜனநாயகக் கட்சி ஏடு ஒரு செய்தியை வெளியிட்டது: கோபன்ஹேகனின் பிரிஸ்டல் ஹோட்டல் 1917-இலேயே இடிக்கப்பட்டுவிட்டது. பக்கத்தில் அதே பெயரில் ஒரு சிற்றுண்டிக் கடை இருந்தது என்று பிற்பாடு சிலர் சமாளித்தார்கள். விசாரணைப் பதிவில் இருப்பது ஹோட்டல், அதன் முன்கூடம், அங்கே நடந்த சந்திப்பு. மரண தண்டனை கேட்பதற்கு முன் ஒரு தந்தி அடித்திருந்தால் தெரிந்திருக்கக் கூடிய விஷயம்.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் கொடியது. 1937 ஜனவரி வழக்கில் பியதக்கோவ், 1935 டிசம்பரில் பெர்லினிலிருந்து விமானத்தில் ஓஸ்லோவுக்குப் பறந்து டிராட்ஸ்கியைப் பார்த்ததாக ஒப்புக்கொண்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நார்வேயின் பத்திரிகைகள் விசாரித்து எழுதின: அந்த டிசம்பரில் ஓஸ்லோ அருகிலுள்ள ஷெல்லர் விமானதளத்தில் வெளிநாட்டுப் பயணிகள் விமானம் எதுவும் இறங்கவில்லை. இந்தச் செய்தி விஷின்ஸ்கிக்கு எட்டியது. அவர் என்ன செய்தார் என்பதைச் சட்டம் படித்த ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும். வெளியுறவுக் கமிசாரியத்திடமிருந்து ஒரு சான்றிதழ் வாங்கி நீதிமன்றத்தில் வாசித்தார். அந்த விமானதளம் ஆண்டு முழுவதும் பிற நாட்டு விமானங்களை ஏற்கிறது, குளிர்காலத்திலும் விமானங்கள் வந்துபோக முடியும் என்பது அதன் சாரம். விமானம் இறங்கியதா என்பது கேள்வி. இறங்க முடியும் என்பது பதில். நடந்தது ஒன்று, நடக்கக் கூடியது வேறொன்று என்ற வேறுபாடு சான்றுச் சட்டத்தின் அரிச்சுவடி. சான்றுக் கோட்பாட்டின் ஆசான் என்று கட்டுரையாளர் புகழும் மனிதர், 17 பேருடைய உயிர் ஊசலாடும் நேரத்தில், அந்த வேறுபாட்டை வேண்டுமென்றே அழித்தார். பியதக்கோவ் உட்பட 13 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

மூன்று வழக்குகளிலும் சேர்த்துக் கூண்டில் நின்றவர்கள் 54 பேர். மரண தண்டனை பெற்றவர்கள் 47 பேர். விடுதலையானவர் ஒருவரும் இல்லை. வெறிபிடித்த நாய்களைச் சுட வேண்டும் என்று கேட்டுத்தான் விஷின்ஸ்கி முதல் வழக்கின் இறுதி வாதத்தை முடித்தார். அதைச் சட்ட இலக்கியம் என்று யாரும் என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

கட்டுரையாளரின் கையில் ஒரு வலுவான ஆதாரம் இருந்திருக்க முடியும். அவர் அதைத் தொடவே இல்லை. அவருக்காக நானே எடுத்து வைக்கிறேன், ஏனென்றால் விஷின்ஸ்கியின் குற்றத்தை முழுதாக நிறுவுவதும் அதுவே. பொதுச் சொத்தைத் திருடுவோருக்கு மரணம் அல்லது பத்தாண்டுச் சிறை என்று 1932 ஆகஸ்ட் 7-இல் ஒரு சட்டம் வந்தது. பசியில் வயலில் கதிர் பொறுக்கிய விவசாயிகள் அதில் சிக்கிச் சிறைக்குப் போனார்கள். இந்தத் தண்டனைகளை மறுபரிசீலனை செய்யும் வேலையை 1936-இல் விஷின்ஸ்கி முன்னின்று நடத்தினார். 1,15,000-க்கு மேற்பட்ட வழக்குகள் அலசப்பட்டன. ஏறத்தாழ 80 விழுக்காட்டில் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதாக முடிவானது. 37,000-க்கு மேற்பட்டோர் விடுதலையானார்கள். 1938 பிப்ரவரியில் முகாம் கைதிகள் மனித உருவையே இழந்து கிடக்கிறார்கள் என்று உள்துறைக் கமிசார் யெஷோவுக்கு அவர் கடிதமும் எழுதினார்.

நல்ல காரியங்கள்தான். அவற்றால் நன்மை அடைந்தவர்கள் உண்டு, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மறுபரிசீலனை அறிக்கை போன தேதியைப் பாருங்கள்: 1936 ஜூலை. அடுத்த மாதமே ஜினோவியெவ் வழக்கு. ஜூலையில் எது தவறான தண்டனை என்று கோப்புக் கோப்பாக அறிந்திருந்தவர் ஆகஸ்டில் அதை அறியாதவர் ஆகிவிட முடியாது. சான்று என்றால் என்ன, வரம்பு மீறல் என்றால் என்ன, அப்பாவி சிறைக்குப் போனால் என்ன ஆகும் என்று சோவியத் நாட்டில் மிக நன்றாகத் தெரிந்த ஆள் விஷின்ஸ்கிதான். அறியாமையால் கொன்றவருக்கு ஒரு தணிப்பு உண்டு. விஷின்ஸ்கிக்கு அதுவும் கிடையாது.

மேடையில் நடந்த வழக்குகளைவிடப் பெரியது மேடைக்குப் பின்னால் நடந்தது. 1937 ஆகஸ்ட் 11 தேதியிட்ட 00485 எண் ஆணையின்படி போலந்து நாட்டவர்மீதும் போலந்து வழிவந்தவர்கள்மீதும் வேட்டை தொடங்கியது. பிடிபட்டவர்களின் பெயரும் சில வரிக் குறிப்பும் தட்டச்சு செய்யப்பட்டு ஆல்பங்களாகத் தைக்கப்பட்டு மாஸ்கோவுக்கு வரும். உள்துறைக் கமிசார் யெஷோவும் அரசுத் தலைமை வழக்கறிஞர் விஷின்ஸ்கியும் கையெழுத்திட வேண்டும். அந்த இரண்டு கையெழுத்தும் சேர்ந்தால் தண்டனை. கைதி அங்கே இல்லை. வழக்கறிஞர் இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. கோப்புகளை அவர்கள் படித்ததாகவும் தெரியவில்லை. கீழ்நிலை அதிகாரிகள் முடிவு செய்துவைத்த பட்டியலில் கையெழுத்து மட்டும் விழுந்தது. 1937 டிசம்பர் 29 அன்று ஒரே நாளில், லெனின்கிராடிலிருந்து வந்த 1,000 பெயர்களில் 992 பேருக்கு இந்த இருவர் மரண தண்டனை விதித்தார்கள். ஆல்பங்கள் தேங்கிப்போய் 1938 செப்டம்பரில் இந்த வேலை உள்ளூர்க் குழுக்களிடம் ஒப்படைக்கப்படும் வரை இப்படியே நடந்தது. போலந்து நடவடிக்கையில் மட்டும் சுடப்பட்டவர்கள் மொத்தம் 1,11,091 பேர். விஷின்ஸ்கியே ஒதெஸ்ஸாவில் போலந்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்.

1936 டிசம்பரில் நிறைவேறிய சோவியத் அரசியலமைப்பின் 127-ஆம் பிரிவு, நீதிமன்றத்தின் முடிவோ அரசு வழக்கறிஞரின் ஒப்புதலோ இல்லாமல் யாரையும் கைது செய்யக் கூடாது என்றது. 113-ஆம் பிரிவு, எல்லா அமைச்சகங்களும் அதிகாரிகளும் சட்டப்படி நடக்கிறார்களா என்று மேற்பார்வையிடும் உச்ச அதிகாரத்தை அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் கொடுத்தது. குடிமகனுக்கும் ரகசியப் போலீசுக்கும் நடுவே சட்டம் நிறுத்தி வைத்த கடைசி ஆள் விஷின்ஸ்கி. அந்த ஆளே போலீசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

காலத்தின் கட்டாயம் என்கிறார் கட்டுரையாளர். மறுத்திருந்தால் விஷின்ஸ்கியும் செத்திருப்பார் என்கிறார். விஷின்ஸ்கிக்கு அச்சம் இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. பழைய மென்ஷ்விக் அவர்; 1917-இல் மாஸ்கோவின் யகிமன்கா வட்டாரத்தில் பொறுப்பில் இருந்தபோது லெனினைக் கைது செய்யும் ஆணையில் கையெழுத்திட்டவர். அந்தக் காகிதம் தலைக்கு மேல் தொங்கியது. ஆனால் அச்சம் ஒருவரை எதுவரை இழுத்துப் போகும்? லியோனித் செரெப்ரியாகோவ் என்ற பழைய போல்ஷ்விக்குக்கு மாஸ்கோவை அடுத்த நிகோலினா கோராவில் ஒரு கோடை வீடு இருந்தது. விஷின்ஸ்கிக்கு அந்த வீட்டின் மேல் வெகுநாளாகக் கண். செரெப்ரியாகோவ் 1936 ஆகஸ்டில் கைதானார். வழக்கு நீதிமன்றத்துக்கு வருமுன்னரே விஷின்ஸ்கி அந்த வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் வேலையை முடித்தார். செரெப்ரியாகோவ் கூட்டுறவுச் சங்கத்தில் கட்டியிருந்த பணத்தைக்கூட விடவில்லை. பிறகு 1937 ஜனவரியில் அந்த வீட்டுக்காரருக்கு எதிராக எழுந்து நின்று மரண தண்டனை கேட்டார். சோவியத் சட்டப் பத்திரிகையாளர் அர்க்காதி வக்ஸ்பெர்க் ஆவணங்களோடு இதை வெளியிட்டிருக்கிறார். கொலை செய் என்று ஸ்டாலின் ஆணையிட்டிருக்கலாம். கொல்லப்படுபவனின் வீட்டை எடுத்துக்கொள் என்று யாரும் விஷின்ஸ்கியைக் கட்டாயப்படுத்தவில்லை.

இன்னொன்று. இளம் விஷின்ஸ்கிக்கு அரசியல் காரணத்தால் பல்கலைக்கழக வேலை மறுக்கப்பட்ட காலத்தில், மாஸ்கோவில் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டவர் பாவெல் மல்யந்தோவிச். புரட்சிக்காரர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடிய புகழ்பெற்ற வழக்கறிஞர். 1937-இல் அவர் கைது செய்யப்பட்டார். அப்போது நாட்டின் தலைமை வழக்கறிஞர் அவருடைய பழைய உதவியாளர். 1940-இல், எழுபது வயதில், மல்யந்தோவிச் சுடப்பட்டார்.

அறிவை அறிவாகப் பார்க்க வேண்டும், செயலோடு கலக்கக் கூடாது என்று கட்டுரையாளர் ஒரு பொதுவிதி சொல்கிறார். அந்த அறிவு எப்படி அரியணை ஏறியது என்று பார்ப்போம். 1930-களின் நடுப்பகுதி வரை சோவியத் சட்டவியலின் பெரிய பெயர் யெவ்கெனி பஷுகானிஸ். சட்டத்தின் வடிவமே பண்டப் பரிமாற்றத்திலிருந்து பிறந்தது, சோசலிசம் வளர வளர அது உதிர்ந்துவிடும் என்பது அவருடைய கோட்பாடு. உலகச் சட்டவியலாளர்கள் இன்றுவரை விவாதிக்கும் கோட்பாடு. 1937 ஜனவரியில் அவர் கைதானார், செப்டம்பரில் சுடப்பட்டார். விஷின்ஸ்கி அவரை நாசவேலைக்காரர் என்று எழுதினார், சட்ட நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தார். நீதித்துறைக் கமிசாராக இருந்து சட்டக் கொள்கையில் விஷின்ஸ்கியோடு மோதிவந்த கிரிலென்கோ 1938 ஜூலையில் சுடப்பட்டார். அதே 1938-இல் சோவியத் சட்டவியலாளர் மாநாட்டில் விஷின்ஸ்கி தந்த வரையறை நாடு முழுவதற்கும் ஒரே வரையறை ஆனது: ஆளும் வர்க்கத்தின் விருப்பம் அரசின் வலிமையால் காக்கப்படும் விதிகளாக உருவெடுப்பதே சட்டம். 1939-இல் அறிவியல் கழக உறுப்பினர் பதவி. எதிர்வாதம் செய்யக் கூடியவர்கள் குழிக்குள் கிடக்கும்போது கிடைத்த தலைமையைக் கட்டுரையாளர் புலமையின் வெற்றி என்கிறார். பஷுகானிஸின் ஒரு பக்கத்துக்கு விஷின்ஸ்கி எழுதிய எதுவும் ஈடாகாது என்பது என் மதிப்பீடு. அது தவறாக இருந்தாலும்கூட, விவாதத்தில் வென்றதற்கும் எதிராளியைச் சுட வைத்ததற்கும் வேறுபாடு இருக்கிறது.

அடுத்து ராஜதந்திரம். கட்டுரையாளர் இங்கேதான் மிகவும் உருகுகிறார். 1940 ஜூனில் விஷின்ஸ்கி லாட்வியாவுக்கு அனுப்பப்பட்டார். ஜூலையில் ஒரே ஒரு வேட்பாளர் பட்டியலை மட்டும் அனுமதித்துத் தேர்தல். ஆகஸ்டில் அந்த நாடே சோவியத் ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டது. 1945 பிப்ரவரி இறுதியில் புகாரெஸ்டுக்குப் போனார். ரடெஸ்கு அரசை நீக்கு என்று 23 வயது மன்னர் மிஹாயிடம் மேசையைத் தட்டிக் கெடு வைத்தார். வெளியேறும்போது கதவை அவர் அறைந்த வேகத்தில் சுவர்ப்பூச்சு விரிசல் கண்டது என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பர்ன்ஸ் எழுதியிருக்கிறார். மார்ச் 6-இல் மாஸ்கோவுக்கு வேண்டிய அரசு அமைந்தது. சிறிய நாடுகளின் தோழர் என்று கட்டுரையில் வரும் மனிதர் சிறிய நாடுகளுக்குள் நுழைந்த விதம் இது.

நியூரம்பர்க்கில் நாஜிகள்மீது வழக்கு நடந்தபோது சோவியத் தரப்பை மாஸ்கோவிலிருந்து இயக்கிய குழுவுக்கு விஷின்ஸ்கிதான் தலைவர். நீதிமன்றத்தில் எழுப்பவே கூடாத விஷயங்கள் என்று அந்தக் குழு ஒரு பட்டியல் போட்டது. 1939-இல் ஹிட்லரோடு செய்த ஒப்பந்தமும் பால்டிக் நாடுகளும் அதில் அடக்கம். 1945 நவம்பரில் அவரே அங்கே போனார். விருந்தொன்றில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் நீதிமன்றத்திலிருந்து நேரே கல்லறைக்குப் போகட்டும் என்று வாழ்த்துக் கூறி மதுக் கோப்பையை உயர்த்தினார். மொழிபெயர்ப்பு வருமுன்னரே குடித்துவிட்ட மேற்கத்திய நீதிபதிகள் பிறகு வெட்கிப் போனார்கள். விசாரணை தொடங்கிச் சில நாள்களே ஆன வழக்கு அது. காத்தின் காட்டில் போலந்து அதிகாரிகளைக் கொன்றவர்கள் ஜெர்மானியர்கள் என்று சோவியத் தரப்பு அங்கே குற்றம் சாட்டியது. தீர்ப்பில் அந்தக் குற்றச்சாட்டு இடம்பெறவே இல்லை. கொன்றது சோவியத் ரகசியப் போலீஸ் என்று 1990 ஏப்ரலில் சோவியத் அரசே ஒப்புக்கொண்டது.

ஐ.நா.வில் இந்தியாவுக்குத் துணை நின்றாரே என்கிறார் கட்டுரையாளர். 1946-இல் தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை விஜயலட்சுமி பண்டிட் பொதுச்சபையில் எழுப்பியபோது, விஷின்ஸ்கி இடம்பெற்ற சோவியத் தூதுக்குழு இந்தியாவின் பக்கம் நின்றது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் பேரர்களுக்காகவும் எழுந்த குரல் அது. நன்றி சொல்ல வேண்டியதுதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் மனித உரிமைகளின் உலகப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தது. 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கியவர்களில் சோவியத் ஒன்றியமும் உண்டு, அதே தென்னாப்பிரிக்காவும் உண்டு. தேச இறையாண்மைக்கு இது ஊறு விளைவிக்கும் என்று வாதாடியவர் விஷின்ஸ்கி. தன்னிச்சையாக யாரையும் கைது செய்யக் கூடாது, நடுநிலையான நீதிமன்றத்தில் வெளிப்படையான விசாரணை வேண்டும், குற்றம் நிரூபணமாகும் வரை நிரபராதி என்று அதன் 9, 10, 11-ஆம் பிரிவுகள் சொல்கின்றன. அன்று விஷின்ஸ்கிக்கு 65-ஆவது பிறந்தநாள்.

1952-ஐயும் கட்டுரையாளர் மறந்துவிட்டார். கொரியப் போர்க் கைதிகள் பிரச்சினையில் போர் நிறுத்தமே முடங்கிக் கிடந்தபோது, கிருஷ்ண மேனன் ஒரு சமரசத் தீர்மானம் கொண்டுவந்தார். வெளியுறவு அமைச்சர் விஷின்ஸ்கி அதைக் கிழித்தெறிந்தார். இந்தியர்கள் கனவு காண்பவர்கள், அல்லது அமெரிக்கக் கொள்கைக்குத் திரை பிடிப்பவர்கள் என்ற பொருளில் வசை பாடினார். டிசம்பர் 3-இல் தீர்மானம் நிறைவேறியது. சோவியத் அணி மட்டுமே எதிர்த்து வாக்களித்தது. அடுத்த ஆண்டு போர் நின்றபோது நாடு திரும்ப மறுத்த கைதிகளின் பொறுப்பு இந்தியாவைத் தலைமையாகக் கொண்ட நடுநிலை நாடுகளின் ஆணையத்திடம்தான் வந்தது.

கட்டுரையாளரும் நானும் ஏறிய மேடைகள் சில ஒன்றே. தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தையே நீதிமன்றம் சான்றாக ஏற்கலாம் என்றபோது, அது சித்திரவதைக்குத் திறந்துவிட்ட கதவு என்று தமிழ்நாட்டு இடதுசாரிகள் பலர் பேசினார்கள். சரியாகவே பேசினார்கள். பூட்டிய அறைக்குள் போலீஸ் வாங்கும் ஒப்புதல் சென்னையில் அநீதி என்றால் மாஸ்கோவிலும் அநீதிதான். ஒரு கொடியின் கீழ் நடந்தால் மன்னிக்கலாம் என்பவர்களுக்கு இன்னொரு கொடியின் கீழ் நடப்பதைக் கண்டிக்கும் தகுதி போய்விடுகிறது.

விஷின்ஸ்கி சிறைக்குப் போகவில்லை. 1954 நவம்பர் 22-இல் நியூயார்க்கில், ஐ.நா. பிரதிநிதியாகப் பதவியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். சாம்பல் கிரெம்ளின் சுவரில் வைக்கப்பட்டது. அவர் வாதாடி வென்ற மூன்று வழக்குகளும் நிற்கவில்லை. 1988 பிப்ரவரியில் சோவியத் உச்ச நீதிமன்றம் மூன்றாம் வழக்கில் புகாரின் உள்ளிட்டோர் மீதான தீர்ப்பை ரத்து செய்தது; ஜூனில் முதல் இரண்டையும் ரத்து செய்தது. ஏகாதிபத்தியவாதிகளின் நீதிமன்றம் அல்ல அது. விஷின்ஸ்கி எந்த அரசின் பெயரால் வாதாடினாரோ அந்த அரசின் உச்ச நீதிமன்றம்.

சட்டக் கல்லூரி மாணவர்கள் விஷின்ஸ்கியைப் படிக்கட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அவருடைய சான்றுக் கோட்பாட்டு நூலோடு 1937 ஜனவரி விசாரணைப் பதிவையும் 1988-இன் தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்கட்டும். ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அவரைச் சட்ட மேதை என்று அறிமுகப்படுத்தாதீர்கள். சட்டம் தெரிந்தே கொலைக்குக் கையெழுத்திட்ட குற்றவாளி என்று சொல்லிக் கொடுங்கள்.